மூலத்திற்கேற்ற உரை

நுழையும்முன்

நூலைக் கற்போர்க்கு உரை துணை. மென்பொருளைக் கையாள்வோர்க்கு அதன் விளக்க ஆவணம் துணை. உரை பிழையின்றி இருந்தாலும், நம் கையிலுள்ள மூலத்திற்கு எழுதப்படாததாயின் அது வழிகாட்டாது. சில வேளைகளில் வழிதவறவும் செய்யும். மதிப்பெண், மருத்துவக் குறிப்பு, வங்கிக் கணக்கு எனப் பலவும் தரவுத்தளங்களில் சேமிக்கப்படும் காலம் இது. நாம் இயக்கும் தரவுத்தளத்தின் பதிப்பை அறிந்து, அதற்குரிய ஆவணத்தைத் தேர்ந்து படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஆய்வகத்தில் ஒரு காட்சி

பள்ளிக் கணினி ஆய்வகம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். மாணவி ஒருவர் செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாகிறார். தம் வகுப்பினரின் விவரங்களை எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளில் அட்டவணையாக அமைத்துள்ளார். அவ்வட்டவணையில் தேவையற்ற நெடுவரிசை ஒன்று இருக்கிறது. அதனை நீக்கும் முறையை அம்மென்பொருளின் விளக்க ஆவணத்தில் படித்தறிகிறார். அங்குள்ள கட்டளையை ஓர் எழுத்தும் மாறாமல் தட்டச்சு செய்கிறார். கணினியோ தொடரமைப்பில் பிழை உள்ளதாகக் காட்டுகிறது. மீண்டும் தட்டச்சு செய்கிறார். மீண்டும் அதே பிழை. எழுத்துகளைச் சரிபார்க்கிறார், நிறுத்தற்குறிகளைச் சரிபார்க்கிறார். இறுதியில், 'எனக்குத்தான் இது வரவில்லை' என்று சோர்ந்துபோகிறார்.

பிழை எங்கே இருக்கிறது? மாணவி தட்டச்சு செய்ததில் பிழை இல்லை. ஆவணத்தில் பிழை இல்லை. கணினியும் பழுதின்றியே இயங்குகிறது. நெடுவரிசையை நீக்கும் கட்டளை எஸ்கியூலைட்டின் 3.35 பதிப்பில்தான், 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆய்வகக் கணினியில் இருப்பது உபுண்டு 20.04 இயக்க அமைப்பு. அதனுடன் வருவது எஸ்கியூலைட்டின் 3.31 பதிப்பு. பின்னர் பிறந்த கட்டளையை முன்னர் வந்த மென்பொருள் எவ்வாறு அறியும்? மூன்றும் தனித்தனியே சரியாக இருந்தும், மூன்றுக்கும் இடையே பொருத்தம் இல்லை.

பழைய பதிப்பில் இப்பணியைச் செய்ய வேறு வழி உண்டு. வேண்டிய நெடுவரிசைகள் மட்டும் கொண்ட புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி, தரவுகளை அதற்கு மாற்றி, பழைய அட்டவணையை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்ட வேண்டும். 'என்னிடம் உள்ளது எந்தப் பதிப்பு?' என்று முதலிலேயே கேட்டிருந்தால், மாணவிக்கு இவ்வழி சில நிமிடங்களில் கிடைத்திருக்கும். தம் திறமையை ஐயுறும் நிலையும் நேர்ந்திராது.

மூலமும் உரையும்

மூலத்திற்கும் உரைக்கும் இடையிலான பொருத்தம் தமிழ் கற்போர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் எனப் பலர் உரை கண்டுள்ளனர். ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரித்திருப்பதுண்டு. அதனால் நூற்பா எண்கள் உரைக்கு உரை வேறுபடுகின்றன. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வேறோர் உரைப்பதிப்பைத் திறந்தால், அவ்வெண்ணில் வேறொரு நூற்பா நிற்கக்கூடும். ஆகவேதான் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும்போது எந்த உரைப்பதிப்பைப் பயன்படுத்தினர் என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, பல ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தே மூலத்தை உறுதிசெய்தார். உரை எந்தப் பாடத்தைத் தழுவி நிற்கிறது என்பது தெளிவானால்தான் பொருளும் தெளிவாகும்.

மென்பொருள் உலகில் இப்பொருத்தம் மேலும் இன்றியமையாததாகிறது. இலக்கியத்தில் மூலம் நிலைத்து நிற்க, உரைகள் காலந்தோறும் பெருகுகின்றன. மென்பொருளிலோ மூலமே ஆண்டுதோறும் மாறுகிறது. புதிய கட்டளைகள் சேர்கின்றன, பழையவை நீங்குகின்றன, பெயர்கள் மாறுகின்றன, ஒரே கட்டளை வேறு வகையில் செயல்படத் தொடங்குகிறது. எனவே, ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கே உரிய ஆவணம் தேவைப்படுகிறது.

பதிப்பு எண் உணர்த்தும் செய்தி

பதிப்பு எண்ணைப் படிப்பதற்கும் முறை உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டு பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத்திட்டமே இதன் தோற்றுவாய். 1996ஆம் ஆண்டில் இதற்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இன்றைய முழுப்பெயர் அமைந்தது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் இது.

இம்மென்பொருளில் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை பெரும்பதிப்பு வெளியாகிறது. இடையிடையே சிறுபதிப்புகள் வெளியாகின்றன. பிழைகளைத் திருத்துவதும் பாதுகாப்புக் குறைகளைக் களைவதும் சிறுபதிப்பின் பணி. புதிய வசதிகளை அது கொண்டுவருவதில்லை. பெரும்பதிப்பே புதிய வசதிகளையும் மாற்றங்களையும் கொண்டுவருகிறது. தரவுகள் வட்டில் சேமிக்கப்படும் உள்ளமைப்பும் பெரும்பதிப்பில் மாறக்கூடும். ஆகையால், ஒரு பெரும்பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது தரவுகளை அதற்குரிய முறையில் மாற்றியாக வேண்டும். விளக்க ஆவணமும் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் தனித்தனியே வெளியிடப்படுகிறது.

எண்ணின் எந்தப் பகுதி பெரும்பதிப்பைக் குறிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். 9.6 வரையிலான பதிப்புகளில் முதலிரண்டு எண்களும் சேர்ந்தே பெரும்பதிப்பைக் குறித்தன. 9.5 ஒரு பெரும்பதிப்பு, 9.6 மற்றொரு பெரும்பதிப்பு. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான 10ஆம் பதிப்பு முதல் இம்முறை மாறியது. இப்போது முதல் எண் மட்டுமே பெரும்பதிப்பைக் குறிக்கிறது. ஆகவே, 9.5-க்கும் 9.6-க்கும் உள்ள தொலைவு பெரிது, 10.1-க்கும் 10.2-க்கும் உள்ள தொலைவு சிறிது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் ஆவணத்தைத் தவறாகத் தேர்ந்துவிடுவர்.

தெரிந்து தெளிவோம்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 5.7 பதிப்பு 2015ஆம் ஆண்டு பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கடுத்துப் பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது 8.0 பதிப்பு, ஆண்டு 2018. எண்கள் இரண்டு தாண்டியதால் இடையில் ஏதோ விடுபட்டதாக எண்ண வேண்டியதில்லை. பதிப்பு எண் என்பது வெளியிடுவோர் இடும் பெயரேயாகும். மாற்றத்தின் அளவை வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தே அறிய வேண்டும்.

வெளிப்படையான முரண்

ஆவணமும் பதிப்பும் பொருந்தாதபோது விளையும் இடர்களை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை வெளிப்படையானது. கணினி பணிசெய்ய மறுத்துப் பிழைச்செய்தி காட்டும். நாம் தொடக்கத்தில் கண்ட மாணவியின் சிக்கல் இவ்வகையைச் சார்ந்தது.

மற்றோர் எடுத்துக்காட்டைக் காண்போம். மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பில் மதிப்பெண் அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதன் நெடுவரிசை ஒன்றுக்கு 'ரேங்க்' என்று பெயரிடலாம்; எத்தடையும் இல்லை. அதே கட்டளையை 8.0 பதிப்பில் இட்டால் பிழைச்செய்தி தோன்றும். தரவரிசையைத் தானே கணக்கிட்டுத் தரும் புதிய செயற்கூறு ஒன்று 8.0 பதிப்பில் அப்பெயரிலேயே சேர்க்கப்பட்டது. அதனால் அச்சொல் ஒதுக்கப்பட்ட சொற்களுள் ஒன்றாகிவிட்டது. பல ஆண்டுகள் பயன்பட்ட பாடநூலிலும் குறிப்பேட்டிலும் உள்ள கட்டளை, மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே செயலற்றுப் போவது இவ்வாறுதான். நெடுவரிசையின் பெயரை அம்மென்பொருளுக்குரிய மேற்கோள்குறிக்குள் இட்டால் இரு பதிப்புகளிலும் கட்டளை செயல்படும். வேறு பெயரிடுவது அதனினும் நன்று.

சில முரண்கள் வெளிப்படையானவையே ஆயினும் நெருக்கடியான நேரத்தில் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸில் பழுதுற்ற தரவுத்தளத்தைக் காப்புநகலிலிருந்து மீட்க, முற்காலத்தில் 'ரெக்கவரி.கான்ஃப்' என்னும் தனிக்கோப்பை எழுதி வைப்பர். 2019ஆம் ஆண்டு வெளியான 12ஆம் பதிப்பில் இம்முறை கைவிடப்பட்டது. அக்கோப்பில் எழுதிய அமைப்புகள் பொதுவான அமைப்புக் கோப்புக்கு மாற்றப்பட்டன. பழைய பெயரில் கோப்பு இருக்குமாயின், 12ஆம் பதிப்பும் அதற்குப் பின்வந்தவையும் இயங்கத் தொடங்குவதேயில்லை. தரவு இழந்த பதற்றத்தில், பழைய ஆவணத்தைத் திறந்து அதன்படி கோப்பை எழுதி வைப்பவர், ஏற்கெனவே உள்ள இடருடன் புதியதொன்றையும் சேர்த்துக்கொள்கிறார். மீட்புமுறையைப் பதற்றமில்லாத நாளிலேயே உரிய ஆவணத்தில் படித்து, ஒருமுறை செய்துபார்த்து வைப்பதே அறிவுடைமை.

ஓசையற்ற முரண்

இரண்டாம் வகை, பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல் நிகழ்வது. கணினி கட்டளையை ஏற்றுக்கொள்ளும். ஆனால், நாம் நினைத்ததைச் செய்யாது. இவ்வகையே பெருங்கேடு விளைப்பது.

ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு பாடத்தின் மதிப்பெண் 0 முதல் 100 வரைதான் இருக்கலாம். இந்த எல்லையை மீறிய எண் அட்டவணைக்குள் நுழையாதவாறு காக்க, எஸ்கியூஎல் மொழியில் 'செக்' என்னும் கட்டுப்பாடு உள்ளது. அட்டவணையை உருவாக்கும்போதே, 'மதிப்பெண் 0-க்குக் குறையாமலும் 100-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்' என்று அதன்மூலம் விதித்துவிடலாம். அதன்பின், 78 என்பதற்கு மாறாக 780 என்று ஒருவர் தட்டச்சு செய்தால் தரவுத்தளமே அதனைத் தடுத்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லின் 8.0.16 பதிப்பு 2019ஆம் ஆண்டு வெளியானது. அதற்கு முற்பட்ட பதிப்புகளில் இக்கட்டுப்பாடு செயல்படவில்லை. கட்டளையில் அதனை எழுதினால் மென்பொருள் அதனைப் படிக்கும், பிழை எனக் கூறாது, அட்டவணையையும் உருவாக்கும், கட்டுப்பாட்டை மட்டும் கைவிட்டுவிடும். இச்செய்தி அப்பதிப்புகளின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. 8.0 பதிப்பின் ஆவணத்தைப் படித்துவிட்டு 5.7 பதிப்பில் அட்டவணை அமைத்தவருக்கோ அது தெரிய வழியில்லை. அவர் காவலர் ஒருவரை வாயிலில் நிறுத்தியதாக நம்பியிருப்பார். வாயிலில் எவரும் இருக்கமாட்டார்.

இதன் விளைவைச் சற்றே தொடர்ந்து பார்ப்போம். 780 என்னும் எண் தடையின்றி உள்ளே நுழைகிறது. மொத்த மதிப்பெண் தவறாகிறது, வகுப்பின் சராசரி தவறாகிறது, தரவரிசை தலைகீழாகிறது. உதவித்தொகைக்கு உரியவர் பட்டியலில் பின்தள்ளப்படுகிறார். 780 என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படும் பிழை. என்றேனும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். மருத்துவமனையில் மருந்தின் அளவையோ, கிடங்கில் இருப்பையோ குறிக்கும் எண் எல்லை மீறினால், அது புலப்படும் முன்பே தீங்கு நிகழ்ந்துவிடலாம்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. 5.7 பதிப்பில் எழுதிய அக்கட்டுப்பாடு எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஆதலால், பின்னாளில் மென்பொருளை 8.0.16-க்கு மேம்படுத்தினாலும் அது தானாக உயிர்பெறாது. புதிதாக மீண்டும் விதிக்க வேண்டும். அவ்வாறு விதிக்கும்போது எல்லை மீறிய எண்கள் ஏற்கெனவே அட்டவணையில் இருந்தால், மென்பொருள் ஏற்க மறுக்கும். முதலில் அவற்றைத் தேடித் திருத்தியாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் இம்முரண் நிகழும். 'மைஎஸ்கியூஎல்லில் இக்கட்டுப்பாடு செயல்படாது' என்று கூறும் பழைய நூலை இன்று படிப்பவர், எளிய வழி இருப்பதை அறியாமல் நீண்ட நிரல்களை எழுதி அல்லற்படுவார். அந்நூல் எழுதப்பட்ட நாளில் அக்கூற்று உண்மை. நூல் மாறவில்லை, மென்பொருள் மாறிவிட்டது.

பட்டியலின் வரிசைமுறையிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. தரவுகளைக் குழுக்களாகத் தொகுக்கும் கட்டளையை இட்டால், 5.7 வரையிலான பதிப்புகள் விடையை வரிசைப்படுத்தியும் தந்தன. 8.0 பதிப்பு அவ்வாறு தருவதில்லை. வரிசை வேண்டுமெனில், அதற்குரிய கட்டளையை நாமே எழுத வேண்டும். பழைய வழக்கத்தை நம்பிய நிரல்களில் பிழைச்செய்தி தோன்றாது. பட்டியல் மட்டும் முறைமாறி நிற்கும்.

பெயர் மாறியதன் காரணம்

மாற்றங்கள் காரணமின்றி நிகழ்வதில்லை என்பதற்குப் போஸ்ட்கிரெஸின் வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. தரவில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அம்மென்பொருள் முதலில் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதிவிடும். அதன்பின்னரே முதன்மைக் கோப்புகளில் சேர்க்கும். திடீரென மின்சாரம் தடைப்பட்டாலும், அப்பதிவேட்டைக் கொண்டு தரவுகளை மீட்டெடுக்க இயலும். தரவுத்தளத்தின் உயிர்நாடி போன்ற இப்பதிவேடு 9.6 பதிப்பு வரை 'பிஜி_எக்ஸ்லாக்' என்னும் கோப்புறையில் இருந்தது.

'லாக்' என்னும் சொல் நாட்குறிப்புப் போன்ற நிகழ்வுப் பதிவுகளையும் குறிக்கும். வட்டில் இடம் குறைந்தபோது, இக்கோப்புறையில் இருப்பவை தேவையற்ற நிகழ்வுப் பதிவுகள் என்று எண்ணிச் சிலர் அவற்றை அழித்துவிட்டனர். மீட்க இயலாத தரவிழப்பு ஏற்பட்டது. ஆகவே, 10ஆம் பதிப்பில் அக்கோப்புறையின் பெயர் 'பிஜி_வால்' என மாற்றப்பட்டது. பெயர்மாற்றத்தின் நோக்கம் இத்தகைய தவற்றைத் தடுப்பதே என்று அப்பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பே கூறுகிறது.

பெயரை மாற்றியதால் ஓர் இடர் குறைந்தது. மற்றொரு தேவை பிறந்தது. பழைய பெயரைத் தேடும் காப்புநகல் நிரல்கள் அனைத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. புதிய ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு 9.6 பதிப்பை இயக்குபவர், இல்லாத கோப்புறையைத் தேடி அலைவார். வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பவர்க்கோ மாற்றமும் தெரியும்; மாற்றத்தின் காரணமும் தெரியும்.

நம் பதிப்பை அறியும் முறை

நாம் இயக்குவது எந்தப் பதிப்பு என்பதை ஊகிக்கக் கூடாது. தரவுத்தளத்திடமே கேட்டறிய வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டிலும் 'செலக்ட் வெர்ஷன்' என்னும் வினவலை, இறுதியில் வெற்று அடைப்புக்குறிகளுடன் இட்டால் பதிப்பு எண் விடையாக வரும். எஸ்கியூலைட்டில் இவ்வினவல் 'எஸ்கியூலைட்_வெர்ஷன்' என்னும் பெயரால் அமையும்.

இங்கு மூன்று செய்திகளில் விழிப்பு வேண்டும். முதலாவது, தரவுத்தளம் வழங்கி, பயனர் பக்க நிரல் என இரு பகுதிகளாக இயங்குவது. நாம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் நிரல் ஒரு பதிப்பாகவும், தரவுகளைக் காத்துநிற்கும் வழங்கி வேறொரு பதிப்பாகவும் இருக்கலாம். போஸ்ட்கிரெஸின் 'பிஎஸ்கியூஎல்' நிரலைத் தொடங்காமல், அதன் பதிப்பை மட்டும் கேட்டால் வருவது அந்நிரலின் எண்; வழங்கியின் எண் அன்று. வழங்கியுடன் இணைந்தபின் இடும் வினவலே உண்மையை உணர்த்தும்.

இரண்டாவது, பெயர் ஒன்றாயினும் மென்பொருள் வேறாக இருக்கக்கூடும் என்பது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009ஆம் ஆண்டு கிளைத்தது மரியாடிபி. டெபியன் இயக்க அமைப்பின் 9ஆம் பதிப்பு முதல் மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றாக மரியாடிபி இடம்பெற்றது. வினவலின் விடையில் மரியாடிபி என்னும் சொல் காணப்பட்டால், படிக்க வேண்டியது அதன் ஆவணத்தையே. ஒரு வேரில் கிளைத்த இரண்டும் இன்று பல கூறுகளில் வேறுபட்டு வளர்ந்துள்ளன.

மூன்றாவது, எஸ்கியூலைட்டின் தனித்தன்மை. அது தனி வழங்கியாக இயங்காமல் பிற மென்பொருள்களுக்குள் அடங்கி இருப்பது. எனவே, ஒரே கணினியில் பைத்தான் வழியாக இயங்கும் எஸ்கியூலைட் ஒரு பதிப்பாகவும், வேறொரு மென்பொருளுக்குள் இருப்பது மற்றொரு பதிப்பாகவும் அமையலாம். எந்த நிரலுக்குள்ளிருந்து பயன்படுத்துகிறோமோ, அந்நிரலுக்குள்ளிருந்தே பதிப்பைக் கேட்டறிய வேண்டும்.

உரிய ஆவணத்தைத் தேர்தல்

பதிப்பை அறிந்தபின் ஆவணத்தைத் தேர்வது எளிது. போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் பதிப்பு எண்கள் வரிசையாக இருக்கும். நம் எண்ணைத் தேர்ந்தால் அப்பதிப்புக்குரிய பக்கம் தோன்றும். அவ்வரிசையில் 'நடப்பு' எனக் குறிக்கப்படுவது அண்மையில் வெளியான பதிப்பாகும்; அது நம் கணினியில் இயங்குவதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னும் வெளிவராத, வளர்நிலையிலுள்ள பதிப்புக்கும் ஆவணம் உண்டு. தேடுபொறி காட்டும் முதல் பக்கம் எப்பதிப்புக்கு உரியதாகவும் இருக்கலாம். ஆகவே, படிக்கத் தொடங்குமுன் பக்கத்தின் தலைப்பகுதியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லுக்கு 5.7, 8.0 எனப் பதிப்புத்தோறும் தனித்தனிக் கையேடுகள் உள்ளன. எஸ்கியூலைட்டின் இணைய ஆவணமோ அண்மைப் பதிப்பையே விளக்குகிறது. பல வசதிகளுக்கு, அவை எப்பதிப்பில் சேர்ந்தன என்னும் குறிப்பு ஆவணத்திலேயே உள்ளது. அக்குறிப்பைத் தவறாமல் பார்க்க வேண்டும். இணைய இணைப்பு எப்போதும் கிடைக்காத ஆய்வகங்களில், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றின் உரிய பதிப்புக்கான கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆவணத்திற்கு ஏற்ப மென்பொருளையே மேம்படுத்திவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் ஒரு வழியே. ஆனால், ஆராய்ந்து செய்ய வேண்டிய வழி. முதலில் காப்புநகல் எடுக்க வேண்டும். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடைப்பட்ட எல்லாப் பெரும்பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படிக்க வேண்டும். பொருந்தாத மாற்றங்கள் அவற்றில் தனித்தலைப்பில் தொகுத்துத் தரப்பட்டிருக்கும். அதேவேளை, பழைய பதிப்பிலேயே நெடுங்காலம் தங்குவதும் தகாது. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் வரையே திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அப்பதிப்பில் களையப்படா.

எழுதுவோர் கடமை

இதுவரை படிப்போர் கடமையைக் கண்டோம். எழுதுவோர்க்கும் கடமை உண்டு. செய்முறைப் பதிவேட்டில் ஒரு கட்டளையை எழுதும்போது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த நாளில் செய்து பார்த்தோம் என்பதை முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். அக்குறிப்பு, அடுத்த ஆண்டு அதனைப் படிக்கும் மாணவரின் பல மணிநேர உழைப்பை மிச்சப்படுத்தும். பிறரிடம் உதவி கேட்கும்போதும், 'இது செயல்படவில்லை' என்று மட்டும் கூறாமல், பதிப்பு எண்ணையும் தோன்றிய பிழைச்செய்தியையும் சேர்த்துக் கூற வேண்டும். மருத்துவரிடம் செல்வோர் வயதையும் உண்ணும் மருந்துகளையும் கூறுவதைப் போன்றது இது.

இப்பாடத்திலுள்ள எண்களும் காலத்திற்கு உட்பட்டவையே. இது அச்சேறியபின் புதிய பதிப்புகள் வெளிவரும். இங்குப் புதியதாகக் கூறப்பட்டவை பழையனவாகும். அப்போது இப்பாடத்தையும் ஒரு பழைய உரையாகக் கொண்டு, உங்கள் கையிலுள்ள மூலத்துடன் ஒப்பிட்டே படித்தல் வேண்டும். எண்கள் எவ்வளவு மாறினாலும், கட்டளையைத் தட்டச்சு செய்யுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இவ்வுரை எந்த மூலத்திற்கு எழுதப்பட்டது?

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி ஆய்வகக் கணினிகளில் உள்ள தரவுத்தள மென்பொருள்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக. அவற்றுக்குரிய ஆவணங்களின் பதிப்பு எண்களையும் அருகில் எழுதுக.

2. மதிப்பெண் அட்டவணை ஒன்றை உருவாக்கி, 0 முதல் 100 வரை என்னும் கட்டுப்பாட்டை விதித்து, 780 என்னும் எண்ணை உட்செலுத்திப் பார்த்து, நிகழ்ந்ததைப் பதிவுசெய்க.

3. நூலகத்தில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இரண்டு உரைப்பதிப்புகளை எடுத்து, நூற்பா எண்கள் வேறுபடும் இடம் ஒன்றைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

வெர்ஷன் – பதிப்பு
டாக்குமென்டேஷன் – விளக்க ஆவணம்
டேட்டாபேஸ் – தரவுத்தளம்
சர்வர் – வழங்கி
பேக்கப் – காப்புநகல்
ரிலீஸ் நோட்ஸ் – வெளியீட்டுக் குறிப்புகள்

மதிப்பீடு

குறுவினா
1. பெரும்பதிப்பு, சிறுபதிப்பு – வேறுபடுத்துக.
2. போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பில் கோப்புறையின் பெயர் மாற்றப்பட்டதற்குக் காரணம் யாது?

சிறுவினா
1. பயனர் பக்க நிரலின் பதிப்பை மட்டும் அறிவது போதாது என்பதை விளக்குக.
2. மூலத்திற்கும் உரைக்கும் உள்ள தொடர்பில் இலக்கியமும் மென்பொருளும் எவ்வாறு ஒன்றுபடுகின்றன? எவ்வாறு வேறுபடுகின்றன?

நெடுவினா
1. வெளிப்படையான முரணைவிட ஓசையற்ற முரண் பெருங்கேடு விளைப்பது என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.